கிழமைக்கு எழுபது சொல்

லா கூர்னெவ்,
07.02.2012, செவ்வாய்.

அன்புள்ள சிவாஜினிக்கு,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இங்கே குளிர் கையை வெளியே நீட்ட விடுகிறதில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீரும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்றும், மாமியின் முழங்கால் வலி இந்தக் கடிதம் கோண்டாவிலுக்கு வந்து சேர்வதற்குள் பாதியாவது குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

முதலில் அந்த அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சை விஷயம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீர் அதைச் சொன்னபோது நான் “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, பாதிதான் விளங்கியது. எங்கள் சாப்பாட்டுக் கடைக் குசினியில் கொத்துரொட்டி போடும் சத்தத்துக்குள் பரீட்சையும் விளங்காது, வேறொன்றும் விளங்காது. உமது கடிதத்தை இரண்டு தரம் வாசித்த பிறகுதான் பிடிபட்டது. 2006இல் இதே பரீட்சைக்கு நீர் விண்ணப்பித்து, யுத்தத்தில் ஏ9 பாதை பூட்டினதோடு எல்லாம் நின்றுபோனது என்பது எனக்கு இதுவரை தெரியாது. கூட்டுறவுச் சங்கத்தில் ஏழு வருடமாகத் தற்காலிக எழுதுவினைஞராகவே இருக்கிறீர் என்பது தெரியும். வருகிற கார்த்திகையோடு முப்பது முடிகிறது, அதற்குப் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது என்பதையும் எழுதியிருக்கிறீர். ஆகவே கட்டாயம் எழுதும். நீர் இங்கே வர விசா எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை சும்மா இருந்து என்ன செய்வது?

ஆங்கிலத் தாளில் ஒத்த சொல், எதிர்ச் சொல் என்று பாதிக்குப் பாதி வருகிறது, அதுதான் பயம் என்று எழுதியிருக்கிறீர். “நீங்கள் ஐரோப்பாவில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாத இங்கிலீசா, சொற்களை எழுதி அனுப்புங்கள்” என்றும் கேட்டிருக்கிறீர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்து வருடத்தில் படித்தது குசினிப் பிரெஞ்சுதான். சூடு, பின்னால் வாறன், இறைச்சி முடிஞ்சுது, இவ்வளவும் நன்றாகச் சொல்லுவேன். ஆனால் திருச்சியில் கல்யாணம் முடிந்து நாங்கள் ஒன்றாக இருந்த பதினெட்டு நாளில் நீர் என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒரு குடை மட்டும்தான். இப்போது இரண்டாவதாக ஒன்று கேட்கிறீர். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே சனிக்கிழமை கார் து நோர் ரயில் நிலையப் பக்கத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் ஆங்கிலச் சொற்புத்தகம் வாங்கினேன். விளக்கமெல்லாம் பிரெஞ்சில் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துச் சொல், கிழமைக்கு எழுபது. ஓடர் எழுதும் துண்டின் பின்பக்கத்தில் எழுதி, எனக்கு லீவு நாளான செவ்வாயில் தபாலில் போடுவேன். முதல் எழுபதும் இத்துடன் இருக்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிரெஞ்சும் ஆங்கிலமும் அண்ணன் தம்பி மாதிரி. எழுத்துக்கூட்டினால் பாதிச் சொல் ஒன்றாகவே வருகிறது. ஆகவே பல இடத்தில் புத்தகத்தைப் பார்க்காமலே எனக்குப் பொருள் தெரிந்துவிட்டது. ‘சென்சிபிள்’ என்றால் இளகிய மனம் உள்ளவர். ‘அட்டென்ட்’ என்றால் காத்திருப்பது. ‘பிளெஸ்’ என்றால் காயப்படுத்துவது. இப்படி மனப்பாடம் செய்தால் இலகுவாக இருக்கும்.

முதலாளி இரத்தினம் அண்ணை நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, “நீ அவளுக்கு இங்கிலீசு படிப்பிச்சுப் பாசாக்கினால் அவள் அங்கை வேலையிலை இருந்திடுவாள், நீ இஞ்சை தனியச் சமைச்சுச் சாப்பிட வேண்டியதுதான்” என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குளிர் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் என்று எழுத வந்து, கோண்டாவிலில் எங்கே குளிர் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. வெயிலில் குடையில்லாமல் போகாதேயும். மாமிக்கு என் அன்பைச் சொல்லும்.

உமது,
யோகநாதன்


லா கூர்னெவ்,
24.04.2012, செவ்வாய்.

அன்புள்ள சிவாஜினிக்கு,

சுகம் விசாரித்து எழுத வெட்கமாக இருக்கிறது. உமது கடிதத்தை வாசித்த பிறகு முதலில் மன்னிப்புக் கேட்கத்தான் பேனையை எடுத்தேன்.

ரியூசன் வகுப்பு மாதிரிப் பரீட்சையில் நாற்பதுக்கு முப்பத்தொன்று. பிழைத்த ஒன்பதில் ஐந்து என்னால் பிழைத்தது என்று எண்ணிக் காட்டியிருக்கிறீர். கூட்டத்துக்குத் தலைவர் ‘அட்டென்ட்’ பண்ணினார் என்ற இடத்தில் தலைவர் காத்திருந்தார் என்று கோடிட்டுவிட்டீர். ‘சென்சிபிள்’ ஆன அதிகாரியை இளகிய மனக்காரர் ஆக்கிவிட்டீர். எல்லாவற்றிலும் மோசம் அந்த ‘பிளெஸ்’. அதில் நீர் ஏமாறவில்லை, ஆனால் என் துண்டைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டப் போய், அவள் அதை உரத்து வாசித்து, ஐயர் மணமக்களை ஆசீர்வதித்தார் என்பதை ஐயர் மணமக்களைக் காயப்படுத்தினார் என்று வகுப்பு முழுவதும் ஒரு கிழமையாகச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். திருச்சியில் நமது ஐயர் அட்சதையை வீசின வேகத்தைப் பார்த்தால் என் பொருளும் பிழையில்லை என்று நீர் எழுதியிருந்ததை வாசித்து, வீட்டுக்கு வரும் பி ரயிலில் தனியே இருந்து சிரித்தேன். எதிரே இருந்த கிழவி தன் பையை எடுத்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

நீர் இப்படிப் பகிடியாக எழுதுவீர் என்று எனக்குத் தெரியாது.

பிழை எங்கே என்று எனக்குக் காட்டியது ஆர்த்திகா என்ற பிள்ளை. ஈரோட்டுப் பக்கம், இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறா. புதன்கிழமைகளில் மத்தியானம் எங்கள் கடைக்கு இடியப்பம் சாப்பிட வருவா. உமது கடிதம் வந்த அன்று கல்லாவுக்குப் பக்கத்தில் புத்தகத்தையும் துண்டுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அவ எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது பூரா பிரெஞ்சு அர்த்தம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா வேற வேற” என்றா. பிறகு ‘பிளெஸ்’ இருந்த துண்டைப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா.

இப்போது ஒழுங்கு இதுதான். நான் கிழமை முழுவதும் எழுதுகிறேன், புதன்கிழமை அவ சிவப்புப் பேனையால் திருத்துகிறா, அதற்குப் பிறகுதான் தபால். கைமாறாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு இன்னொரு கரண்டி சொதி போதும் என்று சொல்லிவிட்டா. ஒரு நாள் நான் அவவோடு வாதாடினேன். இரண்டு சொல் ஒன்றே என்கிறீர்கள், பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கு என்கிறீர்கள், அப்ப சோதினையிலை என்னத்தை எழுதுறது என்று கேட்டேன். கேள்வியைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. ‘அதே பொருள் தரும் சொல்’ என்று அங்கே இல்லை. ‘மிக நெருங்கிய பொருள் தரும் சொல்’ என்றுதான் இருக்கிறது. இதை நீரும் கவனியும். நெருங்கியது எது என்று பார்த்தால் போதும், சரியாக அதுவாக இருக்கத் தேவையில்லை.

கோப்பை கழுவுகிற யோன் அண்ணையும் இதில் சேர்ந்துவிட்டார். மன்னார் ஆள், ஐம்பது வயது, முன்பு பாதிரிமாரிடம் படித்ததால் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். நான் வெங்காயம் வெட்டும்போது தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் “‘ரிலக்டன்ற்’ எண்டால்?” என்று கத்துவார். நான் “தயங்கிற ஆள்!” என்று திருப்பிக் கத்துவேன். சாப்பிட வந்தவர்கள் ஏதோ சண்டை என்று நினைக்கிறார்கள்.

வீடு பார்க்க அதிகாரி வந்த கதையையும் சொல்ல வேண்டும். குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்தால் வீட்டின் நீள அகலத்தை அளந்து பார்ப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா, போன மாதம் ஒரு பெண் அதிகாரி வந்தா. நான் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தேன், சுவரை மட்டும் மறந்துபோனேன். சுவர் முழுவதும், நானும் படிக்கவென்று பிரதி எழுதி ஒட்டிய உமது சொற்கள். அறையை அளந்துகொண்டு வந்தவ கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த துண்டுக்கு முன்னால் நின்றுவிட்டா. அதில் ‘அபாண்டன்’, ‘டெசர்ட்’, ‘ஃபோர்சேக்’ என்று இருந்தது. மூன்றுக்கும் கைவிட்டுப் போவது என்று பொருள். முதல் இரண்டும் பிரெஞ்சுக்காரருக்கும் விளங்கும். அளவு நாடாவை மெல்லச் சுருட்டிக்கொண்டு, மிக அன்பாக, மனைவியோடு ஏதும் பிரச்சினையா என்று கேட்டா. இல்லை, மனைவியின் பரீட்சை என்று விளக்கி முடிக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அதற்குப் பிறகு அவ நான்கு சொல்லை என்னிடம் கேட்டுப் பார்த்தா. மூன்று சரி சொன்னேன். போகும்போது விண்ணப்பப் பாரத்தில் எல்லாம் திருப்தி என்று எழுதிக் கையெழுத்து வைத்தா.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு சொல்லையும் வைத்து நீர் வாக்கியம் எழுதி அனுப்புகிறீர், அவற்றை நான் சேர்த்து வைக்கிறேன். ‘என் அம்மா ஆட்டை விற்கத் தயங்குகிறா, ஏனென்றால் அதற்குப் பெயர் வைத்துவிட்டா.’ ‘எங்கள் சங்கத் தலைவர் மிகச் சுருக்கமாகப் பேசுவார், ஏனென்றால் அவருக்கு விஷயம் தெரியாது.’ இவற்றை வாசித்துத்தான் எனக்கு வீட்டில் ஆடு இருப்பதும் அதன் பெயர் மினிஸ்ரர் என்பதும் தெரியவந்தது. ‘பிடிவாதம்’ என்ற சொல்லுக்கு நீர் எழுதிய வாக்கியத்தில் மினிஸ்ரரும் நானும் ஒன்றாக வருவதை மட்டும் ஆர்த்திகாவுக்குக் காட்டவில்லை.

அடுத்த எழுபதும் இத்துடன். இந்த முறை காயம் எதுவும் இல்லை, எல்லாம் திருத்தியது.

உமது,
யோகநாதன்


லா கூர்னெவ்,
31.07.2012, செவ்வாய்.

அன்புள்ள சிவாஜினிக்கு,

இந்தக் கடிதம் உமது கைக்குப் பத்து நாளில் வரும். அதுவரை தொலைபேசியில் நான் இதைப் பற்றி ஒன்றும் கதைக்கமாட்டேன். நீரும் கேட்க வேண்டாம். வாசித்து, யோசித்து, எழுத்தில் பதில் போடும்.

ஆனியில் விசா கிடைத்தது என்று நீர் அறிவித்த அன்று நான் இருந்த சந்தோசத்தை எழுத முடியாது. இரத்தினம் அண்ணை கடைக்கு வந்த எல்லாருக்கும் கேசரி கொடுத்தார். செப்ரெம்பர் பத்தாம் திகதிக்கு முன்னால் வந்து இறங்க வேண்டும் என்பதால் நாலாம் திகதிக்கு ரிக்கற் போட்டேன். பரீட்சை ஆடி இருபத்தொன்பதில் என்று இருந்தபடியால் அதையும் எழுதிவிட்டு வரலாம் என்று நினைத்தோம். வரப்போகிறவளுக்குப் பரீட்சை எதற்கு என்று மாமி கேட்டதற்கு, எழுதிப் பார்க்கத்தான் என்று நீர் சொன்னதாக எழுதியிருந்தீர்.

பிறகு பரீட்சையைச் செப்ரெம்பர் இருபத்து மூன்றுக்குத் தள்ளிவைத்தார்கள். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீர் அதைச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டீர். நான் உடனே, “இதிலை யோசிக்க என்ன இருக்கு, வாரும், சோதினையை விடும்” என்று சொன்னேன். நீர் “சரி” என்றீர். அதற்குப் பிறகு மழை பெய்ததோ என்று கேட்டேன். இல்லை என்றீர். வைத்துவிட்டோம்.

அந்தச் “சரி” அதற்குப் பிறகு என்னோடு வேலைக்கு வந்து போனது.

புதன்கிழமை ஆர்த்திகா வந்து வழக்கம்போலத் துண்டுகளைக் கேட்டா. இனித் தேவையில்லை தங்கச்சி, மனிசி வரப்போறா, சோதினை எழுதேல்லை என்று சொன்னேன். அவ இடியப்பத்தைப் பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தா. பிறகு, “அவங்க என்ன சொன்னாங்க அண்ணா? நீங்க கேட்டீங்களா?” என்றா. அவவுக்குச் சரியாம் என்றேன். “சரின்னு சொன்னாங்களா, ஆசைன்னு சொன்னாங்களா?” என்று திரும்பக் கேட்டா. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. வீட்டு விஷயத்தில் இவ ஏன் தலையிடுகிறா என்று நினைத்தேன். சொதியைக்கூட நான் ஊற்றவில்லை, யோன் அண்ணையிடம் கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் பி ரயிலில் வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். நான் உம்மைக் கேட்கவில்லை. நீர்தான் என்னைக் கேட்டீர், நான் உத்தரவு போட்டேன்.

இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். நீர் பாசாவீர் என்று நான் தொடக்கத்தில் நினைக்கவேயில்லை. சொல் எழுதி அனுப்பியது உமக்குப் பொழுது போகட்டும் என்றுதான். அதைவிட எனக்கு ஒரு காரணமும் இருந்தது. பதினெட்டு நாள் பழகிப் பிரிந்த நமக்கு, தொலைபேசியில் சாப்பிட்டீரா, மழையோ, மாமி எப்படி என்பதற்கு அப்பால் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன கேட்பது என்று நான் முதல் நாளே யோசித்து வைப்பேன். சொற்கள் போகத் தொடங்கிய பிறகுதான் நீர் யார் என்று எனக்குத் தெரியத் தொடங்கியது. சங்கத் தலைவரின் பேச்சையும் மினிஸ்ரரின் குணத்தையும் உமது வகுப்பில் யார் யாரைப் பார்த்து எழுதுகிறார் என்பதையும் நான் இங்கே இருந்து அறிகிறேன். வைகாசி மாதிரிப் பரீட்சையில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு எடுத்தீர். அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பினீர் அல்லவா, அதை நான் கடையில் ஒருவர் விடாமல் காட்டினேன். காட்டும்போது நெஞ்சு நிமிர்ந்தது. அதே நேரம் உள்ளுக்குள் ஒரு பயமும் வந்தது. இவள் உண்மையாகவே எடுத்துவிடுவாள் போல இருக்கிறதே என்று.

ஆகவே பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள் என்று நீர் சொன்னபோது, என் வாய் அவ்வளவு விரைவாக “வாரும்” என்று சொன்னது உமது நன்மையை நினைத்து அல்ல.

நேற்று வேலைக்குப் போகமுன், வெளிநாட்டவர் அலுவல் பார்க்கும் பிறெபெக்தூருக்குப் போய் விசாரித்தேன். திகதிக்குள் வராவிட்டால் இந்த விசா செல்லாது. புதிதாக விண்ணப்பிக்கலாம், தடையில்லை, ஆனால் எல்லாம் முதலில் இருந்து. வீட்டை அளப்பது உட்பட. ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம். இதை மறைக்காமல் சொல்லவேண்டியது என் கடமை. மற்றப் பக்கத்தையும் சொல்லுகிறேன். கார்த்திகைக்குப் பிறகு அந்தப் பரீட்சையை நீர் ஒருபோதும் எழுத முடியாது. விசாவுக்கு வயதெல்லை இல்லை.

நான் ஒன்றும் பெரிய மனசுக்காரன் அல்ல. நீர் வந்தால் நான் துள்ளிக் குதிப்பேன். வராவிட்டால் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவேன், யோன் அண்ணை திட்டுவார், பிறகு சரியாகிவிடும். ஆனால் பத்து வருடம் கழித்து, ஒரு நாள் இந்த அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நீர் அந்தப் பரீட்சையை நினைத்து, என்னிடம் சொல்லாமல் இருந்தால், அதை எப்படிச் சரியாக்குவது என்று எனக்குத் தெரியாது.

ஆகவே கேட்கிறேன். உமக்கு எது வேணும்?

மாமி என்ன சொல்லுவா, ஊர் என்ன சொல்லும், இரத்தினம் அண்ணை என்ன சொல்லுவார் என்பதெல்லாம் என் பொறுப்பு. நீர் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதும். “சரி” என்று எழுத வேண்டாம்.

எதற்கும் அடுத்த எழுபது சொல்லும் இத்துடன் வருகிறது. ஆர்த்திகாவிடம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தி வாங்கியது.

உமது,
யோகநாதன்


லா கூர்னெவ்,
11.12.2012, செவ்வாய்.

அன்புள்ள சிவாஜினிக்கு,

எழுத்துப் பரீட்சையில் தேறினீர் என்ற செய்தியை ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டவுடன் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. நான் கத்தின கத்தில் இரத்தினம் அண்ணை தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியோடு ஓடி வந்தார் என்பது மட்டும் உண்மை. ஆங்கிலத்தில்தான் அதிகப் புள்ளி என்று கேட்ட பிறகு, யோன் அண்ணை ஈரக் கையோடு வந்து என்னைக் கட்டிப் பிடித்து, “நாங்கள் பாசடா!” என்றார். அவரும் நானும் எப்படிப் பாசானோம் என்று கேட்காதேயும். ஆர்த்திகாவுக்குப் புதன்கிழமை வரை பொறுக்க முடியாமல் போன் பண்ணிச் சொன்னேன். “அண்ணிக்கு என் முத்தம் சொல்லுங்க” என்றா. சொல்லிவிட்டேன்.

இவ்வளவு நாளாக நான் எழுதாத ஒன்றை இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். ஆவணியில் உமது பதில் வந்ததே, அதை நான் தபால்பெட்டியில் இருந்து எடுத்துக்கொண்டு, வீட்டில் உடைக்கப் பயந்து, லா சப்பல் மெற்றோ நிலையத்துக்கு வந்து, மேடையில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்து உடைத்தேன். நான்கு பக்கம். முதல் மூன்று பக்கமும் கிணறு இறைத்தது, மாமியின் முழங்கால், மினிஸ்ரர் பக்கத்து வீட்டு மரவள்ளியைத் தின்றது. நான் ஒவ்வொரு வரியாக, இதில்தான் இருக்குமோ, இதில்தான் இருக்குமோ என்று வாசித்துக்கொண்டு போனேன். மூன்று ரயில் வந்து போனது. நான்காம் பக்கத்துக் கடைசியில்தான் எழுதியிருந்தீர், எனக்கு எழுத வேணும் என்று. அதற்குக் கீழே, இதை இதுவரைக்கும் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே மன்னியுங்கள் என்று எழுதி வெட்டியிருந்தீர். வெட்டினது நல்லது.

துக்கம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எழுந்து நடந்தபோது கால் பாரமாக இருக்கவில்லை.

இரத்தினம் அண்ணைக்குச் சொன்னபோதுதான் பூகம்பம். “உனக்கென்ன விசரே? மனிசி வரவேணும் எண்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனனி, இப்ப நீயே அவளை அங்கை நில் எண்டு எழுதிப்போட்டு வந்து நிக்கிறாய்!” என்று ஒரு மணித்தியாலம் கத்தினார். நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. சோற்றில் உப்பு இல்லை என்பதையும் யோன் அண்ணை மூலம்தான் சொல்லி அனுப்பினார். ஐந்தாம் நாள் தானாகவே வந்து, புது விண்ணப்பத்துக்கு வேலைக் கடிதம் வேணுமே, எழுதித் தரட்டோ என்று கேட்டார். அதையும் சேர்த்து ஐப்பசியில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். மாமிக்கு நான் தொலைபேசியில் சொன்னது போதாது என்று தனியாக ஒரு கடிதமும் போட்டேன். அவ அதற்குப் பதில் போடவில்லை, ஆனால் ஒடியல் மா அனுப்பியிருக்கிறா. அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

போன கிழமை வீட்டை அளக்க அதே பெண் அதிகாரி வந்தா. என்னை ஞாபகம் இருந்தது. உள்ளே வந்ததும் சுவரைத்தான் முதலில் பார்த்தா. பரீட்சை என்னானது என்று கேட்டா. எழுதிவிட்டா, முடிவுக்குக் காத்திருக்கிறோம் என்றேன். நீங்கள் ஏன் இன்னும் துண்டுகளைக் கழற்றவில்லை என்றதற்கு, இப்போது நான் எனக்காகப் படிக்கிறேன் என்றேன். அது உண்மை. கழற்ற மனமில்லாமல் விட்டேன், பிறகு பழகிவிட்டது. போன மாதம் ஒரு ஆங்கிலேயக் குடும்பம் கடைக்கு வந்து, உறைப்புத் தாங்காமல் தவித்தபோது நான்தான் போய்ச் சமாளித்தேன். இரத்தினம் அண்ணை வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

இனி நேர்முகப் பரீட்சை. தை பதினேழு என்கிறீர். உமது சேலை எது, எத்தனை மணிக்கு பஸ் எடுப்பது என்பதெல்லாம் உமக்கே தெரியும். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுகிறேன். விண்ணப்பத்தில் கணவரின் முகவரி பிரான்ஸ் என்று இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாராக இருந்தாலும் அதைக் கேட்பார். கணவர் வெளிநாட்டில், நாளைக்கு விசா வந்தால் போய்விடுவீர்கள், பிறகு ஏன் இந்த இடத்தை உங்களுக்குத் தரவேண்டும் என்று கேட்பார்.

இதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று நேற்றிரவு, ஆர்த்திகாவும் கடைக்கு வந்திருக்க, நாங்கள் எல்லாரும் இருந்து யோசித்தோம். கணவர் திரும்பி வரப்போகிறார் என்று சொல்லச் சொல்லு என்றார் யோன் அண்ணை. என்னுடைய அகதிக் காகிதத்தோடு நான் அங்கே வர முடியாது என்பது அவருக்கும் தெரியும். விசா கேட்கவேயில்லை என்று சொல்லட்டும் என்றார் இரத்தினம் அண்ணை. ஆர்த்திகா மட்டும், “உண்மையச் சொல்லச் சொல்லுங்க” என்றா. உண்மை என்ன என்று இரத்தினம் அண்ணை கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆகவே, சிவாஜினி, இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதி அனுப்பவில்லை. அது எழுபது சொல்லில் வராத ஒன்று. நீர் அந்த அறைக்குள் நிமிர்ந்து போய் இரும். உமக்கு எது உண்மையோ அதைச் சொல்லும். வேலை செய்யத்தான் ஆசை என்றால் அதைச் சொல்லும். சில காலம் என்றால் சில காலம் என்று சொல்லும். இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. வைகாசியில் ஒரு மாதம் லீவு கேட்டிருக்கிறேன், இரத்தினம் அண்ணை தலையை ஆட்டியிருக்கிறார். உமக்கும் லீவு கிடைக்குமென்றால் நீரும் மாமியும் திருச்சிக்கு வாருங்கள். இந்த முறை பதினெட்டு நாளோடு விடமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்களுக்கு என்ன சொன்னீரோ, அதை எனக்கும் எழுதும். என்ன பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. தொலைபேசியில் வேண்டாம், கையால் எழுதும்.

நேர்முகப் பரீட்சை அன்று காலையில் வேலைக்குப் போகமுன் லா சப்பல் பிள்ளையார் கோயிலில் உமது பெயருக்கு அர்ச்சனை செய்விப்பேன். ஐயரிடம் மனைவியின் பெயர், நட்சத்திரம் எல்லாம் வடிவாகச் சொல்லுவேன். நீர் பயப்படாமல் போம். எல்லாம் நன்றாக நடக்கும்.

போய் வாரும்.

உமது,
யோகநாதன்